அந்த ஐந்து தழும்புகளை ஏன் மறைக்கிறீர்கள்?

சில வாரங்களுக்கு முன் இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் என்னை அழைத்தார். நாற்பது வயதுப் பெண், மூன்று வாரமாக விடாத வாந்தி. இரண்டு இடங்களில் இரைப்பைப் புண் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சோர்வாக இருக்கிறார் என்று குளுக்கோஸும் ஏற்றியிருக்கிறார்கள். அன்று காலையிலிருந்து பேச்சில் தடுமாற்றம், இன்றைய தேதியைக் கேட்டால் விழிக்கிறார், எழுந்து நின்றால் குடித்தவரைப் போலத் தள்ளாடுகிறார். முன்பு ஏதாவது அறுவை சிகிச்சை நடந்ததா என்று கேட்டேன். குடல்வால் எடுத்ததாகச் சொன்னாராம்.

போய்ப் பார்த்தேன். விழிகள் இரண்டும் ஓரிடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் துடித்துக்கொண்டிருந்தன. வயிற்றைப் பார்த்தபோது ஐந்து சிறு தழும்புகள், ஒவ்வொன்றும் விரல் நகத்தை விடச் சிறியவை. ஒன்று தொப்புளுக்குச் சற்று மேலே, ஒரு பக்கத்தில் இரண்டு, மறுபக்கத்தில் ஒன்று, கடைசியாக ஒன்று மார்பெலும்பு முடியும் இடத்துக்குக் கீழே. குடல்வாலை எடுக்க யாரும் அங்கே துளை போடுவதில்லை. அது கல்லீரலைத் தூக்கிப் பிடிக்க நாங்கள் கருவி நுழைக்கும் இடம். வெளியே நின்றிருந்த அக்காவைத் தனியாக அழைத்துக் கேட்டேன். "எடையைக் குறைக்க நான்கு மாதத்துக்கு முன்னால் இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்டாள் டாக்டர். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள்" என்றார், குரலைத் தாழ்த்தி.

தயமின் என்ற வைட்டமின் பி1 அவர் உடலில் தீர்ந்துபோயிருந்தது. உடல் அதைச் சில வாரங்களுக்கு மேல் சேமித்து வைப்பதில்லை. வாந்தி நிற்காவிட்டால் கையிருப்பு கரைந்துவிடும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சம் மீதியையும் அதுவே தின்றுவிடும், மூளை பாதிக்கப்படும். வெர்னிக்கே நோய் என்பது இதுதான். பைபாஸ் நடந்தது தெரிந்திருந்தால் முதல் மருத்துவரே, முதல் நாளே, ஒரு ஊசியில் தடுத்திருப்பார்.

எடைக் குறைப்புச் சிகிச்சையை மறைத்ததால் சிக்கலில் வந்த மூன்றாவது நபர் இவர், இந்த ஓராண்டில் மட்டும். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டால் எல்லாரும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொல்கிறார்கள். "வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை அறுத்துக்கொண்டாள் என்பார்கள்." "உழைத்துக் குறைக்கத் துப்பில்லை, ஊசி போட்டுக் குறைத்தான் என்பார்கள்." என் பொறுமையைச் சோதிப்பது இந்தப் பேச்சுதான். படித்தவர்கள் சொல்கிறார்கள். சில மருத்துவர்களே சொல்கிறார்கள். ஆகவே இதை விரிவாகவே எழுதுகிறேன்.

உடல் பருமன் மன உறுதியின்மையால் வருவதாக நினைப்பவர்கள் 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த பட்டினி ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் கலந்துகொண்ட 36 இளைஞர்களும் ஆரோக்கியமானவர்கள். மனச்சாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்து, அதற்குப் பதிலாகத் தங்கள் உடலை ஆய்வுக்குக் கொடுக்கத் தாமாக முன்வந்தவர்கள். அவர்களுக்கு உறுதி போதாது என்று யாராலும் சொல்ல முடியாது. 24 வாரம் பாதி வயிற்றுக்குச் சாப்பிட்டு ஏறக்குறைய கால் பங்கு எடை குறைந்ததும் என்ன ஆனது? எந்நேரமும் உணவைப் பற்றியே நினைத்தார்கள். சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். தட்டை நக்கினார்கள். கட்டுப்பாடு நீங்கியபின் வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் தவித்தார்கள். எடை குறைந்த எந்த உடலும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

காரணம் ஹார்மோன்களில் இருக்கிறது. கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து தன் அளவை மூளைக்குத் தெரிவிக்கிறது என்பது 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலும் சுருங்குகிறது. பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் எடை குறைத்தவர்களை ஒரு வருடம் கழித்துப் பரிசோதித்தபோதும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2011இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு வருடம் கழித்தும் அந்த மனிதர் முன்பைவிட அதிகப் பசியோடு நடமாடுகிறார். அவரைப் பார்த்து, "கொஞ்சம் கட்டுப்பாடாக இரு" என்கிறோம். ஆஸ்துமாக்காரரிடம், "கொஞ்சம் நன்றாக மூச்சு விடு" என்று யாராவது சொல்வார்களா?

அறுவை சிகிச்சை பலன் தருவதும் இந்த ஹார்மோன்களை மாற்றுவதால்தான். வயிற்றைச் சிறிதாக்கினால் கொஞ்சமாகத்தான் சாப்பிட முடியும் என்பது பாதிக் கதை. ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுக்கிறோம், அதோடு கிரெலின் அதிகமாகச் சுரக்கும் பகுதியும் போய்விடுகிறது. பைபாஸில் ஏறக்குறைய 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறோம். பல சர்க்கரை நோயாளிகளுக்கு எடை குறையத் தொடங்கும் முன்பே, சில நாட்களுக்குள், இன்சுலின் தேவை சரிந்துவிடும். முதன்முதலில் அதை நேரில் பார்த்த நாளை நான் மறக்கவில்லை. ஸ்வீடனில் 1987இல் தொடங்கி ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. உயிரைக் காக்கும் சிகிச்சைக்கு வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஊசிகளும் அப்படியே. செமாக்ளூடைட், டிர்செபடைட் போன்றவை குடல் ஹார்மோன்களைப் போல நடந்து மூளையின் பசி மையத்தை அமைதிப்படுத்துகின்றன. உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சியோடு சேர்த்து, ஓராண்டுக்கு மேல் நடந்த ஆய்வுகளில் முதலாவது சராசரியாக 15 சதவீத எடையையும், இரண்டாவது அதிகபட்ச அளவில் 20 சதவீதத்தையும் ஒட்டிக் குறைத்திருக்கின்றன. ஆனால் செமாக்ளூடைட்டை நிறுத்திய ஒரே ஆண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. இதைக் கேட்டு, "பார்த்தீர்களா, பலனில்லாத மருந்து" என்று சொல்ல வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறத்தானே செய்யும்? திருமணத்துக்கு மூன்று மாதம் போட்டுக்கொள்கிறேன் என்று வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

ஊசியை மறைத்த ஒருவரின் கதையையும் சொல்கிறேன். குடலிறக்க அறுவைக்கு வந்தவர். எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை, அது உண்மை. வேறு மருந்து எடுக்கிறீர்களா என்று மயக்க மருந்து நிபுணர் இரண்டு முறை கேட்டார். இல்லை என்றார். மயக்கம் கொடுத்துக் குழாய் செலுத்தும் நேரத்தில் முதல் நாள் இரவு உண்ட உணவு தொண்டைக்கு ஏறி வந்தது. நிபுணர் நொடியில் உறிஞ்சி எடுத்ததால் அது நுரையீரலுக்குள் போகவில்லை. அவர் ஐந்து மாதமாக வாரம் ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். "எடைக்குப் போடுவதை மருந்துக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று தெரியவில்லை டாக்டர்" என்றார் மறுநாள். சேர்க்க வேண்டும். முதலில் சொல்ல வேண்டியதே அதுதான்.

மறைப்பவர்கள் இன்னொரு குழியிலும் விழுகிறார்கள். மருத்துவரிடம் போக வெட்கப்பட்டு, மூலிகை என்று எழுதிய மாத்திரைகளை ரகசியமாக வாங்குகிறார்கள். இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து என்று 2010இல் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்ட சிபுட்ரமின், அப்படிப்பட்ட மாத்திரைகளில் கலந்திருப்பது மீண்டும் மீண்டும் பிடிபட்டிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

லைப்போசக்ஷன் எடைக் குறைப்புச் சிகிச்சை அல்ல. அது தோலுக்கடியில் உள்ள கொழுப்பை உறிஞ்சும், உறுப்புகளைச் சுற்றியுள்ள கொழுப்பைத் தொடாது. 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பத்துக் கிலோ அளவுக்குக் கொழுப்பை எடுத்த பிறகும் ரத்தச் சர்க்கரையோ கொழுப்போ சீராகவில்லை. இரைப்பைக்குள் வைத்து நிரப்பி இடத்தை அடைக்கும் இரைப்பை பலூன் தற்காலிக உதவி, பொதுவாக ஆறு மாதத்தில் எடுத்துவிட வேண்டும். நீலச்சாயம் கலந்த உப்புநீர் நிரப்பிய பலூன் என்றால், சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போனால் பலூன் கசிகிறது என்று பொருள். அன்றே வாருங்கள்.

எந்த அறுவை என்ற பெயரையும் தேதியையும் ஓர் அட்டையில் எழுதிப் பணப்பையில் வையுங்கள், கைபேசியில் படமாகவும் வையுங்கள். வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும், அவரிடம் சத்தியம் வாங்காதீர்கள். ஊருக்கெல்லாம் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் உடலில் கை வைக்கும் ஒவ்வொரு மருத்துவரிடமும் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். பல் மருத்துவரிடமும்தான். ஏனென்றால் பைபாஸ் செய்தவருக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். புகையும் அப்படியே. மதுவோ, பைபாஸுக்குப் பின் முன்பைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும்.

வாந்தி இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் வீட்டில் இருக்காதீர்கள். அறுவை முடிந்த முதல் நாட்களில் நாடித்துடிப்பு 120ஐத் தாண்டினால், வலியோ காய்ச்சலோ இல்லாவிட்டாலும், தையல் கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். பைபாஸ் நடந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் திடீரென்று கடும் வயிற்றுவலி வந்தால் குடல் உள்ளே சிக்கியிருக்கலாம், அதை வாயு என்று சொல்லிப் படுத்துவிடாதீர்கள். வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுவதும் தேவை. "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நிறுத்துபவர்கள் ஒன்றிரண்டு வருடத்தில் ரத்தசோகையோடு வருகிறார்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும், எதிர்பாராமல் கூடும். அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப் போடுங்கள். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம், வேறு வழியைக் கேளுங்கள். செமாக்ளூடைட் போடுபவர்கள் கருத்தரிக்கத் திட்டமிட்டால் இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். உங்களுக்கோ குடும்பத்திலோ மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் இந்த ஊசிகள் உங்களுக்கானவை அல்ல. கணைய அழற்சி வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவர்களுக்கும் ஒன்று. வாந்தியோடு வருபவரின் சட்டையை விலக்கி வயிற்றைப் பாருங்கள். தழும்புகளை எண்ணுங்கள். எடையைப் பற்றிக் கேட்கும்போது உறவினர்களை வெளியே அனுப்புங்கள், குரலில் கண்டிப்பு வேண்டாம். சந்தேகம் இருந்தால் குளுக்கோஸுக்கு முன் தயமின். சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தால் காத்திருக்காமல் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.

அந்தப் பெண்ணுக்குத் தயமின் ஏற்றத் தொடங்கிய மறுநாளே விழிகளின் துடிப்பு அடங்கியது. நடை அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை. வீட்டுக்குப் போகும் நாளில், "அறிக்கையில் பைபாஸ் என்று போட வேண்டாமே டாக்டர்" என்று கேட்டார். அவர் கட்டிலருகே அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினேன். பிறகு அக்காவிடம் பேனா வாங்கி, அட்டையில் அந்தச் சொல்லை அவரே எழுதினார். கதவு வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.