நீதான் லேட்டா அமுக்கினே!

இரண்டு பேர் சேர்ந்து ஆடும் வீடியோ கேம்களில் அடிக்கடி வரும் இடம் ஒன்று உண்டு. கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு பட்டன், அந்தப் பக்கம் ஒரு பட்டன். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் கதவு திறக்கும். ஒரே சோஃபாவில் உட்கார்ந்து ஆடினால் இது பெரிய விஷயமே இல்லை. ஒருவர் சென்னையிலும் இன்னொருவர் டொராண்டோவிலும் இருந்துகொண்டு, ஹெட்போனில் "மூணு, ரெண்டு, ஒண்ணு, அமுக்கு" என்று எண்ணி ஆடும்போதுதான் சண்டை வரும். எண்ணியவர், "நீ லேட்" என்பார். மற்றவரோ, "நான் சரியாத்தான் அமுக்கினேன், ரெண்டும் ஒண்ணாத்தான் இறங்குச்சு, என் கண்ணால பார்த்தேன்" என்பார்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கணக்கைப் பார்ப்போம்.

இணையச் செய்தி ஒளியாகத்தான் கண்ணாடி இழைக் கேபிளில் போகிறது. அந்த இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். வெற்றிடத்தில் போகும் வேகத்தில் இது மூன்றில் இரண்டு பங்கு. சென்னைக்கும் டொராண்டோவுக்கும் இடையே பூமியின் மேற்பரப்பில் அளந்தால் மிகக் குறுகிய வழியே 13,000 கிலோமீட்டருக்கு மேல். ஆக, ஒரு வழிப் பயணத்துக்குக் குறைந்தது 65 மில்லிவினாடி ஆகும். கேபிள்கள் அப்படி நேராகப் போவதில்லை, நடுவில் செய்தியை வழிமாற்றிவிடும் ரவுட்டர்களும் உண்டு. எனவே ஒரு வழிக்கு 100 மில்லிவினாடி, போய்த் திரும்ப 200 என்று வைத்துக்கொள்ளலாம். வினாடிக்கு 60 படம் காட்டும் கேமில் 200 மில்லிவினாடி என்பது 12 படங்கள். கண்ணாடி இழை வழியாகப் போகும்வரை, எவ்வளவு பணம் கட்டி எந்த பிளான் வாங்கினாலும் 65 என்ற அடிமட்டத்துக்குக் கீழே போக முடியாது.

இப்போது பட்டனுக்கு வருவோம். சென்னைக்காரர் "அமுக்கு" என்று சொல்லும் அதே கணத்தில் தானும் அமுக்குகிறார். அவர் குரல், அவர் பட்டன் அமுங்கிய செய்தி இரண்டும் 100 மில்லிவினாடி கழித்து டொராண்டோ போய்ச் சேருகின்றன. எண்ணிக்கையின் தாளம் ஏற்கெனவே காதில் இருப்பதால், அங்கிருப்பவர் குரலோடு ஒட்டியே அமுக்கிவிடுகிறார். அவர் திரையில் இரண்டு பட்டனும் ஒன்றாக இறங்குகின்றன. ஆனால் அவர் அமுக்கிய செய்தி சென்னைக்கு வர இன்னொரு 100 ஆகும். எண்ணியவர் கண்ணுக்கு மற்றவர் 200 மில்லிவினாடி பிந்திவிட்டார். தூரத்திலிருந்து ஆடும்வரை, எண்ணுகிறவருக்குக் கூட்டாளி எப்போதும் சோம்பேறிதான்.

2021-இல் வந்த 'இட் டேக்ஸ் டூ' என்ற கேமில் இதை இன்னும் நன்றாக நினைத்துப் பார்க்கலாம். விவாகரத்தின் விளிம்பில் நிற்கும் கணவன் மனைவி பொம்மைகளாக மாறிப்போகும் கதை. இரண்டு பேர் இல்லாமல் அதை ஆடவே முடியாது. ஆன்லைனில் ஆடினாலும் திரை இரண்டாகப் பிரிந்தே இருக்கும், கூட்டாளி பார்ப்பதும் நம் திரையில் தெரியும். நம் பாதியில் ஓடுவது இப்போது நடப்பது. மற்ற பாதியில் ஓடுவது சற்று முன் நடந்தது. அந்தப் பக்கம் இருப்பவருக்கு இது அப்படியே தலைகீழ்.

இந்தத் தாமதத்தை யாராலும் அழிக்க முடியாது. அதை யார் தலையில் கட்டுவது என்பது மட்டும்தான் கேம் எழுதுகிறவர் கையில் இருக்கிறது.

பழைய வழி, ஆளுக்குப் பாதி சுமப்பது. 1993-இல் வந்த 'டூம்', 1997-இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' எல்லாம் இந்த வகை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் எட்டுப் பேர் ஆடலாம், களத்தில் நூற்றுக்கணக்கான வீரர்கள் நிற்பார்கள். அந்தக் காலத்து மெதுவான 28.8 கிலோபிட் மோடம் வழியாக ஒவ்வொரு வீரனும் எங்கே நிற்கிறான் என்று அனுப்புவது நடக்காத காரியம். அதனால் அவர்கள் ஆட்டக்காரர்களின் கட்டளைகளை மட்டும் அனுப்பினார்கள். எல்லாக் கணினிகளும் ஒரே நிலையில் தொடங்கி, ஒரே கட்டளைகளை ஒரே வரிசையில் நிறைவேற்றினால், எல்லாவற்றிலும் ஒரே போர் நடக்கும். கேம் நேரத்தைச் சிறு சிறு சுற்றுகளாக வெட்டிக்கொள்ளும். கிளிக் செய்த கட்டளை உடனே நிறைவேறாது, இரண்டு சுற்று தள்ளித்தான் நிறைவேறும். அதற்குள் அது எல்லாரிடமும் போய்ச் சேர்ந்துவிடும். கால் வினாடித் தாமதத்தை ஆடியவர்கள் கவனிக்கவே இல்லையாம். தாமதம் கூடிக் குறைந்தால்தான் எரிச்சல் வந்தது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: ஒரு கணினி ஒரே ஒரு எண்ணைத் தப்பாகக் கூட்டினால் போதும், அதற்குப் பிறகு இருவரும் வேறு வேறு போரில் இருப்பார்கள்.

'ஹேலோ 3' (2007) சுவாரசியமான உதாரணம். எதிரெதிர் ஆடும்போது வேறு ஒரு முறையையும், சேர்ந்து கதை ஆடும்போது இந்தப் பழைய முறையையும் அது பயன்படுத்தியது. கூட்டாட்டத்தில் கணினி இயக்கும் எதிரிகள் கும்பலாக வருவார்கள். அத்தனை பேரின் நிலையையும் அனுப்பிக்கொண்டிருப்பதைவிட, இருபுறமும் தனித்தனியே கணக்குப் போடுவது மலிவு. விலை என்னவென்றால், கன்ட்ரோலரில் கொஞ்சம் மந்தம். குறிபார்த்துச் சுடும் கேமில் அது கைக்குத் தெரியும்.

இன்னொரு வழி 1996-இல் 'டூம்' எழுதியவர்களில் ஒருவரான ஜான் கார்மக் 'குவேக்வேர்ல்ட்' கேமில் கொண்டுவந்தது. நாம் பொத்தானை அமுக்கியதும் நம் கணினி யார் அனுமதிக்கும் காத்திருக்காமல் நம் பாத்திரத்தை நகர்த்திவிடும். ஆட்டத்தை நடத்தும் மையக் கணினியான சர்வர் பிற்பாடு "சரி" என்றால் நல்லது. "இல்லை, அங்கே சுவர் இருக்கிறது" என்றால் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளும். கைக்கு மந்தம் தெரியாது. தாமதம் முழுக்க அடுத்தவரின் உருவத்துக்குப் போய்விடுகிறது. கூட்டாளி திடீரென்று ஓரடி தாவி நிற்பது இதனால்தான்.

எதிரெதிர் ஆட்டங்களில் இந்த முறைக்குக் கறாரான நடுவர் வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றுவார்கள். சேர்ந்து ஆடும்போது அந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. நான் ஒரு பூதத்தை அடித்தேன் என்று என் கணினி சொன்னால் அப்படியே நம்பிவிடலாம். பூதம் வழக்குப் போடப் போவதில்லை. ஆளுக்கு ஒரு திரையில் கொஞ்சம் வேறு வேறு கதை நடந்தாலும் முடிவு ஒன்றானால் போதும். கூட்டாட்டத்தை எழுதுகிறவர்களுக்குக் கிடைத்த பெரிய சலுகை இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தச் சலுகை தீர்ந்துபோகும் இடம், இருவரும் ஒரே பொருளைத் தொடும்போது. தரையில் கிடக்கும் ஒரே வெங்காயத்தை இருவரும் எடுத்தால் யார் கையில் இருக்கும்? ஏதாவது ஒரு கணினிதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், மற்றவர் கையிலிருந்து வெங்காயம் மாயமாகும். ஒரு கட்டையை இருமுனையிலும் பிடித்துத் தூக்குவது இன்னும் மோசம். ஒருவர் இழுப்பது மற்றவருக்குப் பிந்தி வரும், அதற்கு அவர் கொடுக்கும் எதிர் இழுப்பும் பிந்திப் போகும், கட்டை நடுங்க ஆரம்பிக்கும். நல்ல கேம்கள் இதை நடிப்பால் மறைக்கின்றன. 'ஹேலோ: ரீச்'சில் பட்டனை அமுக்கியதும் கை குண்டை எறிய ஓங்கிவிடும், குண்டு உண்மையில் பிறப்பது தீர்ப்பு வந்த பிறகுதான். ஓங்கும் நேரத்துக்குள் செய்தி போய்த் திரும்பிவிடுகிறது. கதவு நெம்புகோலை நாம் மெதுவாக இழுப்பதுபோல் காட்டுவதிலும் சில சமயம் இதே வேலை இருக்கும்.

சரி, ஒரே அறையில் ஆட மட்டுமே எழுதிய கேமைத் தூரத்திலிருந்து ஆடினால்? 2019-இல் கேம் விற்கும் தளமான ஸ்டீம் கொண்டுவந்த 'ரிமோட் ப்ளே டுகெதர்' அதற்குத்தான். கேம் ஒருவர் (வீட்டுக்காரர், அதாவது ஹோஸ்ட்) கணினியில் மட்டும் ஓடும்; மற்றவருக்கு (விருந்தாளிக்கு) படம் வீடியோவாகப் போகும், அவர் அமுக்குவது திரும்பி வரும். தாமதம் முழுவதும் விருந்தாளி தலையில். வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது, அதனால் அவர் பொறுமையிழப்பதும் அதிகம்.

அப்புறம், அந்தக் கதவு. பல கேம்கள் 'ஒரே நேரம்' என்பதற்குத் தாராளமான இடைவெளி விட்டிருக்கும். 'போர்ட்டல் 2' (2011) கூட்டாளிக்கு எண்ணிக்கை காட்ட ஒரு சைகையையே கேமுக்குள் வைத்தது. அதுவும் இல்லை, குரல்தான் வழி என்றால், யார் எண்ணுவது என்பதை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் தீர்ப்பு ஹோஸ்டின் கணினியில்தான். ஹோஸ்ட் எண்ணினால், விருந்தாளி அமுக்கியது அங்கே 200 மில்லிவினாடி பிந்தி வரும். விருந்தாளி எண்ணினால், அவர் குரலும் பட்டன் செய்தியும் சேர்ந்தே ஹோஸ்டிடம் வரும். குரலோடு ஹோஸ்டும் அமுக்கினால் இடைவெளி ஏறக்குறைய பூஜ்யம். ஏறக்குறைய என்று சொல்லக் காரணம், குரல் விட்டுவிட்டுக் கேட்காமல் இருக்க ஆப்கள் அதைச் சிறிது தேக்கி வைத்து ஒலிக்கும். எனவே எண்ணுகிற விருந்தாளி தன் பட்டனை ஒரு துளி தாமதித்தே அமுக்கலாம்.