பதினைந்து டெசிபெல்தானே?

"85 டெசிபெல்தானே சத்தத்துக்கு லிமிட், மேடம்? நான் 100லதான் வைக்கிறேன். பதினஞ்சுதானே கூட!"

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கல்யாணத்துக்கும் காவடிக்கும் சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடும் தம்பி, காது சோதிக்கும் என்னிடம் சொன்னது. இதே கணக்கை எத்தனை பேர் வாயிலிருந்துதான் கேட்பது! அவர் ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம், 4000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சு ஒலியில் பள்ளமாக இறங்கியிருந்தது. பெருஞ்சத்தம் காதைக் கெடுப்பதன் வழக்கமான அடையாளம் அது.

டெசிபெல் ரேண்ட் கணக்கு இல்லை, ஐயா. 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. 10 கூடினால் பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு. அந்தப் "பதினஞ்சுதானே" ஏறக்குறைய 32 மடங்கு! 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கர் பக்கத்தில் அதே போல இன்னொன்றை வைத்தால் 180 ஆகாது, 93தான். காதுக்கோ அந்த மூன்று பெரிதாகவே தெரியாது. வினையே அங்கேதான். இந்த நாட்டு வேலையிடச் சட்டம் சொல்லும் 85, எட்டு மணி நேரத்துக்கானது. 88 என்றால் நான்கு மணி, 91 என்றால் இரண்டு. அப்படியே குறைத்துக்கொண்டு வந்தால் 100க்குக் கால் மணி நேரம்தான். எந்த ரிசப்ஷன் கால் மணியில் முடிந்திருக்கிறது?

"போன் ஆப்ல சத்தத்தை அளந்து பார்த்தேன், கம்மியாத்தான் காட்டுது" என்பார்கள். எங்கே நின்று பார்த்தீர்கள்? திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபெல் குறையும். மிக்சர் பக்கம் எடுத்த அளவு ஸ்பீக்கர் முன்னால் ஆடும் பிள்ளைக்குப் பொருந்தாது. போன் மைக் பேச்சுக்காகச் செய்தது, பெருஞ்சத்தத்தில் திணறும். மீட்டர் 'ஏ' அளவில் (dBA) இருந்தால் பேஸ் என்னும் அடித்தொனியைக் கழித்துவிடும், 63 ஹெர்ட்ஸில் சுமார் 26 டெசிபெல். டர்பன் டாக்ஸியில் கோம் (gqom) என்னும் இந்த ஊர் நடன இசைக்கு நெஞ்சு அதிர்வதை அந்த எண்ணில் தேடாதீர்கள்.

இன்னொன்று. ஆடியோகிராமில் 30 என்று கண்டதும் "85க்குக் கீழேதானே" என்று நிம்மதியாகும் அம்மாக்களே, அது வேறு அளவு. அங்கே எண் கூடக்கூடக் கேட்கும் திறன் குறைவு.

காதில் பஞ்சு வைப்பது வீண். ஃபோம் பிளக்கை மெல்லியதாக உருட்டி, காதை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, அது உப்பும்வரை விரலால் அழுத்துங்கள். குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஸ்பீக்கர் முன்னால் நிற்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். திருவிழா முடிந்து மறுநாளும் காதில் இரைச்சல் நிற்கவில்லையா? எண்ணெய் காய்ச்சி ஊற்றாமல் உடனே வந்து காட்டுங்கள்.