நெருக்கமே அவற்றின் கூடு

ஐஸ்லாந்தின் வடமேற்கே கடலுக்குள் நீண்டிருக்கும் தீபகற்பத்தின் மேற்கு நுனியில் லாட்ராபியார்க் என்ற செங்குத்துப் பாறைச்சுவர் இருக்கிறது. நீளம் சுமார் 14 கிலோமீட்டர், மிக உயர்ந்த இடத்தில் 441 மீட்டர். கோடையில் லட்சக்கணக்கான கடற்பறவைகள் இங்கே முட்டையிட வருகின்றன. உச்சியில் புல்மண்ணைத் தோண்டி வளைக்குள் குடியிருப்பவை பஃபின்கள். கிட்டிவேக்குகள் சேறும் புல்லும் சேர்த்துப் பாறையோடு ஒட்டிக் கூடு கட்டும். ஆனால் எனக்குப் பெரிய வியப்பு, கூடே கட்டாத கில்லிமாட் என்ற பறவைதான்.

பாறை விளிம்பில், வெறும் கல்லின் மேல், ஒரே ஒரு முட்டை. அது ஏன் விழுவதில்லை? முட்டை பேரிக்காய் போல ஒரு பக்கம் கூம்பியது. உருண்டாலும் வட்டமடித்து நின்றுவிடும் என்றுதான் வெகுகாலம் சொல்லி வந்தார்கள். ஆனால் பிரிட்டன் ஆய்வாளர் டிம் பர்க்ஹெட்டின் குழு முட்டைகளைச் சரிவில் வைத்துப் பார்த்தபோது வேறு காரணம் தெரிந்தது. கூம்பிய முட்டையின் பக்கவாட்டு அதிகம் வளையாமல் இருப்பதால், பாறையில் நன்றாகப் படிந்து உட்கார்ந்துகொள்கிறது, உருளவே தொடங்குவதில்லை.

இந்த முட்டைகளை எடுக்க அந்தப் பகுதி விவசாயிகள் ஒரு காலத்தில் கயிறு கட்டி இறங்குவார்கள். 1947 டிசம்பரில் தூன் என்ற பிரிட்டிஷ் மீன்பிடிக் கப்பல் இந்தப் பாறையடியில் மோதியபோது, அதே கயிற்றுப் பழக்கம்தான் 12 பேரைக் காப்பாற்றியது.

சரி, அண்டங்காக்கைகளும் பெரிய கடற்காகங்களும் முட்டைக்காகச் சுற்றும்போது கூடில்லாத பறவை என்ன செய்யும்? பக்கத்துப் பறவையோடு ஒட்டி நிற்கும். நெருக்கமான இடங்களில் ஒரு சதுர மீட்டருக்கு 20 ஜோடிகள்கூட இருக்கும். தோளோடு தோள் உரச நிற்கும்போது திருட வருபவனுக்குக் கால் வைக்க இடமில்லை; எங்கே நுழைந்தாலும் கூரிய அலகுகள். ஆள் குறைந்து இடைவெளி விழுந்த விளிம்புகளில்தான் முட்டைகள் அதிகம் பறிபோகின்றன. இவ்வளவு நெரிசலில் சண்டை வராதா? வரும். ஆனால் பக்கத்துப் பறவையின் கழுத்திறகை அலகால் கோதிவிடும் வழக்கமும் உண்டு.

கூட்டத்தில் தன் முட்டையை எப்படிக் கண்டுபிடிக்கும்? ஒவ்வொரு பெட்டையின் முட்டையும் வேறு நிறம், வேறு கீறல்: நீலப்பச்சை, வெள்ளை, பழுப்பு. பொரிவதற்கு முன்பே குஞ்சு ஓட்டுக்குள்ளிருந்து குரல் கொடுக்கும். பெற்றோரின் குரலையும் அங்கேயே கற்றுக்கொள்ளும்.

அந்தக் குரல் மூன்றே வாரத்தில் தேவைப்படுகிறது. பறக்கும் இறகு முளைக்காத குஞ்சு, அந்திவேளையில் விளிம்பிலிருந்து குதிக்கும். பல குஞ்சுகள் ஒரே சமயத்தில் குதிப்பதால் கடற்காகங்களால் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. கீழே தண்ணீரில் தகப்பன் கூப்பிட, குஞ்சு பதில் கொடுத்தபடி நீந்திப் போய்ச் சேரும். அப்புறம் இரண்டும் நடுக்கடலுக்குப் போய்விடும். வாரக்கணக்கில் ஊட்டி வளர்ப்பது தகப்பன்தான்.

தாய் உடனே கிளம்புவதில்லை. குஞ்சு போன பிறகும் சில நாட்கள், அடுத்த ஆண்டுக்கும் வேண்டிய அந்தச் சாண் அகலக் கல்லைக் காத்தபடி அங்கேயே நிற்கும்.