டயரில் ஏறும் பழுப்பு அழுக்கல்ல

வாட்டர் வாஷ் முடிந்து கருகருவென்று வீடு வந்த டயர், சில வாரங்களில் மறுபடி பழுப்பாகிவிடுகிறது, எவ்வளவு தேய்த்தாலும் திரும்ப வருகிறது, டயர் மட்டமானதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். டயரில் குறை இல்லை. அந்தப் பழுப்பில் கொஞ்சம் சாலைத் தூசி இருக்கும். மீதி, டயரின் உள்ளேயிருந்து வந்தது. அப்படி வரவேண்டும் என்றுதான் டயரே செய்யப்பட்டிருக்கிறது.

ரப்பர் என்பது நீளமான கார்பன் சங்கிலிகளின் கூட்டம், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து உறுதியாகும் என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். இயற்கை ரப்பர்ச் சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் ஐசோப்ரீன் என்ற அலகு ஒவ்வொன்றிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. ஓசோனுக்கு அதுதான் இலக்கு. உயரே வானத்தில் நம்மைக் காக்கும் அதே ஓசோன், தரையில் வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்து உருவாகிறது. நூறு கோடிக் காற்று மூலக்கூறுகளுக்குச் சில பத்து ஓசோன் மூலக்கூறுகள்தான் இருக்கும். ரப்பருக்கு அதுவே போதும். இரட்டைப் பிணைப்பில் மோதினால் சங்கிலி அந்த இடத்தில் அறுந்துவிடும்.

இழுபடாமல் கிடக்கும் ரப்பரில் ஓசோன் மேற்பரப்பை மட்டும் அரித்துவிட்டு நின்றுவிடும். இழுபட்டிருக்கும் ரப்பரில் அப்படியில்லை. அறுந்த இடம் வாய் பிளக்கும், உள்ளேயிருக்கும் புது ரப்பர் வெளியே தெரியும், ஓசோன் அதையும் அறுக்கும். அதனால்தான் வெடிப்புகள் எப்போதும் இழுவிசைக்குக் குறுக்காக ஓடுகின்றன. காற்றடைத்த டயரின் பக்கச்சுவர் எந்நேரமும் இழுபட்ட நிலையில்தான் இருக்கிறது. டயருக்குக் கருப்பு நிறம் தரும் கரித்தூள் புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் ஓசோனைத் தடுக்காது.

ரப்பர் கலவையில் மெழுகும் உண்டு. அது மெல்ல வெளியே வந்து மேலே ஒரு படலமாகப் படியும். வண்டி ஓடாமல் நிற்கும்போது அது நல்ல கவசம். ஓட ஆரம்பித்தால் டயர் நசுங்கி விரிகிறது, படலம் உடைந்துபோகிறது. ஓடும் டயரைக் காப்பதற்காகச் சேர்ப்பதுதான் 6பிபிடி என்ற வேதிப்பொருள். எடையில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குக்குள்தான் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 6பிபிடி ரப்பருக்குள் கரைந்து கிடக்கிறது, ஆனால் சங்கிலிகளோடு ஒட்டிக்கொள்வதில்லை. ஊதுபத்தியின் மணம் அறை முழுக்கப் பரவுவதுபோல, செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நகர்கிறது. மேற்பரப்புக்கு வந்ததும், ரப்பரின் இரட்டைப் பிணைப்பை ஓசோன் தொடுவதற்குமுன் தானே முந்திக்கொண்டு ஓசோனோடு வினைபுரிந்து அழிகிறது. மேலே அது தீரத் தீர அங்கே செறிவு குறைகிறது, உள்ளேயிருந்து அடுத்த கூட்டம் கிளம்பி வருகிறது. யாரும் கட்டளையிட வேண்டாம். எங்கே செலவாகிறதோ அங்கே தானாகப் போய்ச் சேருகிறது. மூலக்கூறின் அளவையும் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இதைவிடச் சிறிய உறவுக்கார மூலக்கூறு சீக்கிரம் வெளியே வந்து மழைநீரோடு போய்விடும். மிகப் பெரியதாக இருந்தால் வேண்டிய நேரத்துக்கு மேலே வந்து சேராது. 6பிபிடியின் ஓரத்தில் தொங்கும் கிளைச்சங்கிலிதான் பல ஆண்டுகளுக்குத் தாங்கும் நிதானத்தைத் தருகிறது. நாம் பார்க்கும் பழுப்பு, இப்படி மேலே வந்து மாற்றமடைந்த 6பிபிடி.

இந்தக் காவலுக்கு ஒரு விலையும் இருக்கிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரப் பக்கத்து ஓடைகளில், முட்டையிடக் கடலிலிருந்து திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள் மழை பெய்த கையோடு வட்டமடித்து, வாய் பிளந்து, சில மணி நேரத்தில் முட்டையோடு செத்துக்கொண்டிருந்தன. டயர்த் துகளை ஊறவைத்த நீரிலும் மீன்கள் செத்தன. அந்த நீரைப் பிரித்துப் பிரித்துச் சோதித்தபோது மிஞ்சிய மூலக்கூறில் 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் இருந்தன. ரப்பரில் சேர்க்கும் எந்தப் பொருளோடும் அது பொருந்தவில்லை. வழியில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் மாறியிருக்கலாம் என்று ஆய்வாளர் ஷென்யூ தியானுக்குத் தோன்றியது. 6பிபிடியில் 18 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன்! ஆய்வகத்தில் அதன்மேல் ஓசோனைச் செலுத்தியபோது அதே நஞ்சு உருவானது. 2020 டிசம்பரில் சயன்ஸ் இதழில் இது வெளிவந்தது. 2023இல் கலிஃபோர்னியா, 6பிபிடிக்கு மாற்று உண்டா என்று டயர் நிறுவனங்கள் ஆராய வேண்டும் என விதி கொண்டுவந்தது.

அரக்கோணம், ஒரகடம் என்று டயர் ஆலைகள் உள்ள மாநிலம் நம்முடையது. சென்னைச் சாலைகளில் விழும் மழை கூவத்துக்கும் அடையாற்றுக்கும் போகிறது. அந்த நீரைப் பருவமழைதோறும் சோதிக்கவும், நம் கெண்டையும் விராலும் அந்த நஞ்சை எப்படித் தாங்குகின்றன என்று பார்க்கவும் பல்கலைக்கழகங்களுக்கு அரசு பணம் தர வேண்டும். சியாட்டில் விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. ஓராண்டுத் திட்டப் பணத்தில் இதெல்லாம் நடக்காது.

சரி, கழுவுவது எப்படி? தண்ணீர், கார் ஷாம்பு, நடுத்தரமான பிரஷ், அவ்வளவுதான். மேலேயுள்ள பழுப்பு வேலை முடித்தது, அது போனால் நஷ்டமில்லை. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பதுதான் கெடுதல். அவை ரப்பருக்குள் புகுந்து அதை உப்ப வைக்கும், உள்ளே சேமிப்பில் இருக்கும் மெழுகையும் 6பிபிடியையும் கரைத்து இழுத்துவிடும். பளபளப்பு வேண்டுமென்றால் நீர் கலந்த டயர் பாலிஷ் போடலாம், பக்கச்சுவரில் மட்டும். தரையைத் தொடும் பகுதியில் பட்டால் வழுக்கும். அலாய் வீலில் ஒட்டிய பிரேக் தூளில் இரும்பு இருக்கும். அதற்கான கிளீனர் தெளித்ததும் ஊதாவாக வழிவது, அதிலுள்ள தயோகிளைகோலேட் என்ற வேதிப்பொருள் அந்த இரும்போடு சேர்வதால். ஓடி வந்த சூட்டோடு தெளித்தால் கிளீனர் காய்ந்து கறை பிடிக்கும், வீல் ஆறட்டும்.

புது வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கும் வழக்கத்தால் டயருக்கு ஒரு காப்பும் கிடையாது என்பதை வெளிப்படையாகவே சொல்கிறேன். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி, சூடேறி, வெடிப்புகளைச் சீக்கிரம் வளர்க்கும். மாதம் ஒருமுறை காற்றழுத்தம் பாருங்கள். அப்படியே பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். டிக்கியில் ஓடாமலே கிடக்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். பட்டன் தேயவில்லை என்பதால் அதைப் புதுசு என்று நம்பிவிட வேண்டாம். பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் டயர் கடையில் காட்டிவிடுங்கள்.