டேங்கரின் முதுகில் எழுதியிருக்கும் எண்

2025 ஜனவரி 3ஆம் தேதி அதிகாலை. கொச்சியிலிருந்து கோவை கணபதிக்கு 18 டன் சமையல் எரிவாயு ஏற்றி வந்த டேங்கர் லாரி, அவிநாசி சாலை மேம்பாலத்தில் திரும்பும்போது கவிழ்ந்தது. லாரியின் முன்பகுதியையும் டேங்கரையும் பிணைக்கும் பாகம் உடைந்து, டேங்கர் மட்டும் கழன்று சாய்ந்துவிட்டது. வாயு கசிந்தது. தீயணைப்பு வீரர்கள் விடாமல் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். போக்குவரத்து நிறுத்தப்பட்டது, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. கசிவை அடைத்து, கிரேன்களால் டேங்கரைத் தூக்கி, வேறொரு லாரியில் பூட்டிக் கொண்டுபோனார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

நகரின் நடுவில் நடந்த இந்த விபத்தில் எல்லாம் இவ்வளவு ஒழுங்காக நடந்ததற்கு வீரர்களின் துணிவு ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் பெரிதாகப் பேசவில்லை. டேங்கருக்குள் என்ன இருக்கிறது என்று முதல் நிமிடத்திலிருந்தே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அபாயகரமான சரக்கைச் சாலையில் கொண்டுபோவது பற்றிய விதிகளைப் படித்தால், அவற்றில் பாதி இந்த ஒரே காரியத்துக்காக எழுதப்பட்டவை என்பது புரியும்: உள்ளே இருப்பது என்னவென்று வெளியே இருப்பவனுக்குத் தெரிய வேண்டும்.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு எரிவாயுவையே எடுத்துக்கொள்வோம். எல்பிஜி என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. சாதாரண காற்றழுத்தத்தில் புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியசிலும், பியூட்டேன் ஏறக்குறைய பூஜ்ஜியத்திலும் கொதித்துவிடும். நம் ஊர் வெயிலில் அதைத் திரவமாக வைத்திருக்க ஒரே வழி, கெட்டியான எஃகுக் கலனில் அழுத்தி அடைப்பது. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் இந்த வாயு 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். அப்படியானால், சிந்திய ஒவ்வொரு லிட்டர் திரவமும் 10,000 லிட்டருக்கு மேற்பட்ட காற்றை எரியக்கூடியதாக மாற்ற முடியும். 18 டன் என்பது 30,000 லிட்டருக்கும் அதிகமான திரவம்.

இந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவி, சாக்கடையிலும் பள்ளத்திலும் தங்கும். இயல்பாக அதற்கு வாசனை கிடையாது. நமக்குத் தெரிந்த அந்த நாற்றம், கசிவைக் கண்டுபிடிப்பதற்காகவே சேர்க்கப்படும் மெர்கேப்டன் என்ற கந்தகச் சேர்மத்துடையது.

டேங்கரை முழுதாக நிரப்பவும் கூடாது. வெயிலில் திரவம் விரியும், விரிய இடமில்லையென்றால் கலன் தாங்காது. அதனால் கொள்ளளவில் சுமார் 85 சதவீதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மேலே ஆவிக்கென்று விடும் அந்த இடத்தில்தான் இன்னொரு ஆபத்து இருக்கிறது. கவிழ்ந்த டேங்கருக்கு வெளியே தீ பிடித்தால், திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் எஃகுத் தகட்டின் சூட்டைத் திரவம் உறிஞ்சிக்கொள்ளும். ஆவி மட்டும் தொடும் பகுதிக்கு அந்தத் துணை கிடையாது. அங்கே எஃகு மளமளவென்று சூடேறும். 600 டிகிரியை நெருங்கும்போது அதன் வலிமையில் ஏறத்தாழப் பாதி போய்விடும். பாதுகாப்பு வால்வு திறந்து வாயுவை வெளியேற்றினாலும், இளகிய தகட்டை அதனால் காப்பாற்ற முடியாது. தகடு கிழிந்த கணத்தில் அழுத்தம் சட்டென்று விழும், உள்ளே இருக்கும் திரவம் ஒரே மூச்சில் கொதித்து வாயுவாகித் தீக்கோளமாக எழும்பும். தீயணைப்புத் துறையில் இதை ‘பிளெவி’ என்பார்கள். 2012 ஆகஸ்ட் 27 அன்று கேரளத்தில் கண்ணூர் அருகே சாலா என்ற இடத்தில் ஒரு எல்பிஜி டேங்கர் கவிழ்ந்து தீப்பிடித்ததில் 20 பேர் இறந்தார்கள்.

கோவையில் தீ பிடிக்கவில்லை. பிறகு ஏன் அத்தனை தண்ணீர்? தூறலாகப் பீய்ச்சும் தண்ணீர் தன்னோடு காற்றையும் இழுத்து வந்து வாயுவைக் கலைக்கிறது, அதன் செறிவை 2 சதவீதத்துக்குக் கீழே தள்ளப் பார்க்கிறது. உலோகத்தைக் குளிர்விக்கிறது. தீப்பொறிக்கான வாய்ப்பையும் குறைக்கிறது. அந்தத் தண்ணீர் தீயை அணைப்பதற்கானது என்று நினைத்தால் நடந்த வேலையின் அருமை தெரியாமல் போகும்.

உடைந்தது எந்த இடம் என்பதையும் கவனிக்க வேண்டும். எரிவாயு டேங்கர் என்பது இரண்டு துறைகளின் பிள்ளை. அழுத்தக் கலனாக அது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் கீழ் வருகிறது. கலனின் வடிவமைப்பு, வால்வுகள், ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை எல்லாம் அவர்கள் விதிப்படி. குளோரின், அமோனியா போல நச்சோ அரிப்போ உள்ளதென்றால் அந்தச் சோதனை இரண்டாண்டுக்கு ஒருமுறை. சக்கரம், அச்சு, பிரேக், இணைப்பு ஆகியவை ஆர்டிஓ அலுவலகம் தரும் எஃப்சி என்ற தகுதிச் சான்றின் பார்வையில் வருகின்றன. அன்று வாயு கசிந்தாலும் கலன் கிழியாமல் தாங்கியது, இணைப்புதான் கைவிட்டது. திரவ டேங்கர் திரும்பும்போது உள்ளே இருக்கும் சரக்கும் ஒருபக்கம் சாய்கிறது. ஏற்கெனவே உயரத்தில் இருக்கும் எடைமையம் வெளிப்பக்கமாக நகர்கிறது. அந்த இழுவை முழுவதையும் வாங்குவது அச்சும் இணைப்பும்தான். கலனுக்குக் கொடுக்கும் அளவுக்கு அந்த இணைப்புக்கும் கறாரான, கருவிகளோடு கூடிய சோதனை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சுத்தியால் தட்டிப் பார்ப்பது போதாது.

இனி எண்ணுக்கு வருவோம். அடுத்தமுறை நீலம்பூரிலோ பெருந்துறையிலோ டேங்கர் ஒன்றுக்குப் பின்னால் உங்கள் வண்டி நின்றால், அதன் முதுகில் இருக்கும் பலகையைப் படியுங்கள். நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 1950களில் தொடங்கிவைத்த எண் முறை அது. 1075 என்றால் எல்பிஜி, 1203 என்றால் பெட்ரோல். 1017 குளோரின், 1005 அமோனியா, 1830 கந்தக அமிலம். பக்கத்தில் சாய்சதுரமாக ஒரு வில்லை: தீச்சுடர் என்றால் எரியக்கூடியது, மண்டையோடு என்றால் நச்சு, சோதனைக்குழாயிலிருந்து கையின் மேல் சொட்டுவது என்றால் தோலையும் உலோகத்தையும் அரித்துத் தின்பது. உலகின் அபாயகரமான சரக்கு முழுவதையும் இப்படி ஒன்பது வகுப்புகளில் அடக்கியிருக்கிறார்கள்.

இன்னொரு குறியீடும் இருக்கும்: பெட்ரோல் டேங்கரில் 3ஒய்ஈ என்பதுபோல. ஆங்கில எழுத்துகளில் எழுதியிருக்கும் அதன் பெயர் ஹேஸ்கெம். தீயணைப்பு வீரருக்கு மட்டுமே அது பேசும். முதலில் வரும் இலக்கம் எதை அடிக்க வேண்டும் என்பது: 1 என்றால் தண்ணீர்த் தாரை, 2 மென்தூறல், 3 நுரை, 4 தண்ணீரே கூடாது, உலர்பொடி. நடுவெழுத்து, என்ன கவசம் வேண்டும், சிந்தியதை நீர்த்து ஓட விடலாமா அல்லது அணைகட்டி நிறுத்த வேண்டுமா என்று சொல்லும். கடைசியில் ‘ஈ’ இருந்தால் சுற்றியுள்ளவர்களை வெளியேற்றுவதைப் பற்றி உடனே யோசி என்று அர்த்தம். நள்ளிரவில், தூரத்திலிருந்து டார்ச் வெளிச்சத்தில் படித்தாலும் வேலையைத் தொடங்கிவிடலாம்.

இந்தப் பலகையைச் சட்டமாக்கியவை 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். போபாலில் 1984 டிசம்பரில் நடந்த பேரழிவுக்குப் பிறகு நாட்டில் ரசாயனங்களுக்கான சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன: 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1989இல் அபாயகர ரசாயனங்களுக்கான விதிகள், 1991இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம். சாலையைப் பொறுத்தவரை மோட்டார் வாகன விதிகளின் 129 முதல் 137 வரைதான் உயிர்நாடி. வண்டியின் இரு பக்கத்திலும் பின்னாலும் என மூன்று இடத்தில் பலகை. பொருளின் பெயர் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாத எழுத்தில், ஐநா எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல், வில்லை 250 மில்லிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமல். அவசரத் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும்.

பலகைக்குப் பின்னால் ஒரு சங்கிலி இருக்கிறது. சரக்கை அனுப்புகிறவர் அதன் ஆபத்து என்னவென்று வண்டி உரிமையாளருக்கு எழுத்தில் தர வேண்டும். உரிமையாளர் அதை ஓட்டுநருக்குத் தந்து, அவருக்குப் புரிந்ததா என்று உறுதி செய்ய வேண்டும். ஓட்டுநர் அந்தத் தாளை, ட்ரெம் கார்டு என்பார்கள், கேபினிலேயே வைத்திருக்க வேண்டும். விபத்து நடந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் உரிமையாளருக்கும் உடனே சொல்ல வேண்டும். ஓட்டுநருக்கு ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், மூன்று நாள் பயிற்சி முடித்து உரிமத்தில் தனியாகப் பதிந்திருக்க வேண்டும். முன்பு அந்தப் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2019 திருத்தத்தில் அது மூன்றாண்டாக நீண்டது. புதுப்பிக்கும்போது ஒரு நாள் மறுபயிற்சி.

எல்பிஜி வண்டிகளில் இந்தச் சங்கிலி பெரும்பாலும் அறுபடாமல் நிற்கிறது. அனுப்புவது பெரிய எண்ணெய் நிறுவனங்கள், விதி மீறினால் ஒப்பந்தம் போய்விடும். ஓட்டுகிறவர்களுக்கு இது பரம்பரைத் தொழில்போல. தென்மாநில எல்பிஜி டேங்கர் உரிமையாளர் சங்கத்தின் தலைமையிடமே நம் நாமக்கல்தான். கொச்சியிலிருந்து கோவை, ஈரோடு வழியாகச் சேலம் வரை திட்டமிட்ட எரிவாயுக் குழாய் முழுதாக இயங்கினால் அந்தச் சாலையில் டேங்கர்களின் எண்ணிக்கையும் குறையும்.

எனக்குத் தூக்கம் கெடுவது அந்தப் பெரிய டேங்கர்களால் அல்ல, ‘குட்டி யானை’ என்று நாம் அழைக்கும் சின்னச் சரக்கு வண்டிகளால். திருப்பூரிலும் ஈரோட்டிலும் சாயப்பட்டறைப் பகுதிகளில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ரசாயனக் கடையிலிருந்து பட்டறைக்கு நீலக் கேன்களும் வெள்ளைக் கேன்களும் இரும்பு டிரம்களும் ஒன்றாக அடுக்கி, மேலே தார்ப்பாய்கூட இல்லாமல் போகும் வண்டிகளைக் காணலாம். பலகை இருக்காது, வில்லை இருக்காது. வண்டி சின்னது என்பதால் விதி விலக்குத் தரவில்லை. சரக்கு வாகனம் எதுவானாலும் அதே விதிதான்.

அந்தக் கேன்களில் என்ன இருக்கிறது? துணியை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு, பெரும்பாலும் 50 சதவீதச் செறிவில், ஐநா எண் 2014. தானாக எரியாது, எரிவதற்கு ஆக்சிஜன் தரும். துரு, செம்புத் துகள், தூசு பட்டால் வேகமாகச் சிதைந்து தண்ணீரும் ஆக்சிஜனும் ஆகும், தன் தண்ணீரையே கொதிக்க வைக்கும் அளவுக்குச் சூடேறும். அதனால்தான் மூடியில் காற்றுப்போக்கி வைத்திருக்கிறார்கள். கேனைப் படுக்கப் போட்டால் அது பயனற்றுப்போகும். டிரம்மில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோஸ், சோடியம் ஹைட்ரோசல்பைட், எண் 1384. இதற்கு எதிரி ஈரம். சாயத்தை நீக்க உதவும் இந்த வெள்ளைப் பொடியில் நாலு துளி மழை விழுந்தால் உள்ளுக்குள் சூடேறி, கந்தக டை ஆக்சைடைக் கக்கி, தானே பற்றிக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் அதைத் தூண்டிவிடும், அணைக்க வேண்டுமென்றால் வெள்ளமாகக் கொட்ட வேண்டும். வாளியில் தண்ணீர் எடுத்து ஓடிவரும் நல்ல மனிதர் நிலைமையை மோசமாக்கிவிடுவார். அவருக்கு இதைச் சொல்லத்தான் பலகை.

இந்த இரண்டும் ஒரே வண்டியில். ஒன்று ஆக்சிஜன் கொடுக்கத் துடிப்பது, மற்றொன்று அதைப் பிடுங்கத் துடிப்பது. பக்கத்தில் சோடியம் ஹைப்போகுளோரைட் கேனும் அசிட்டிக் அமிலக் கேனும் இருந்து, இரண்டும் உடைந்து கலந்தால் குளோரின் வாயு எழும். அதுவும் காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது, ஒட்டியிருக்கும் வீடுகளின் வாசலோடு நிற்காது.

நொய்யலில் சாயக்கழிவு ஓடியதற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பிறகு வெளியே போகும் தண்ணீரின் ஒவ்வொரு துளியும் அளக்கப்படுகிறது. உள்ளே வரும் ரசாயனத்துக்கு அந்தக் கவனத்தில் கால்வாசிகூடக் கிடைக்கவில்லை என்று எண்ணுகிறேன். செய்ய வேண்டியது பெரிய செலவும் இல்லை. கடைக்காரர் பில்லோடு பாதுகாப்புத் தாளைத் தமிழில் கொடுக்கட்டும். பெராக்சைடும் ஹைட்ரோசும் தனித்தனி நடையில் போகட்டும். அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் அப்படியே. மூன்று நாள் பயிற்சியை டேங்கர் ஓட்டுநரோடு நிறுத்தாமல் குட்டி யானை ஓட்டும் தம்பிகளுக்கும் திருப்பூரிலேயே நடத்தட்டும். விதிப்படி அவர்களுக்கும் அது கட்டாயம்தான். எஃப்சிக்கு வரும் வண்டியிடம் பலகை கேட்பதைவிட, ரசாயனக் கடை வாசலில் கேட்பது எளிது.

வழியில் இப்படியொரு வண்டி கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தால் காற்று வீசும் திசையைப் பாருங்கள். காற்று உங்கள் முதுகில் படும்படி, மேடான பக்கமாக விலகிப் போங்கள். எஞ்சினை அணைத்துவிடுங்கள். செல்போனில் படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். தூரம் போய், 112க்கோ தீயணைப்பின் 101க்கோ அழையுங்கள். இடத்தைச் சொன்ன கையோடு, தூரத்திலிருந்தே தெரிந்தால் பலகையில் இருந்த நான்கு இலக்கத்தையும் சொல்லுங்கள். பலகை இல்லாத வண்டி என்றால், கேனின் நிறத்தையும் வருகிற நாற்றத்தையும் புகையின் நிறத்தையும் சொல்லுங்கள்.