மலைக்கு வண்டி எடுக்கும் முன்: டர்போவா, டர்போ இல்லாத பெரிய எஞ்சினா?

கன்னியாகுமரி மாவட்டத்து மலையோரத்தில் ஒர்க்ஷாப் வைத்திருப்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. குலசேகரம், கடையாலுமூடு, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள், வளைகுடாவிலிருந்து லீவில் வந்து "அண்ணே, நம்ம ஊர் மலைக்கு டர்போ வண்டி தாங்குமா?" என்று மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்துப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். பல லட்சம் போடுகிற விஷயம், ஆனால் பெரும்பாலானவர்கள் விளம்பரத் தாளில் உள்ள குதிரைத்திறனை மட்டும் பார்த்துவிட்டு முக்கால்வாசி முடிவோடுதான் வருகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டர்போ இல்லாத எஞ்சின், பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உறிஞ்சுகிற காற்றை மட்டும் வைத்து எரிபொருளை எரிக்கிறது. அதிக பலம் வேண்டுமென்றால் சிலிண்டரைப் பெரிதாக்க வேண்டும், வேறு வழி பெரிதாக இல்லை. டர்போ வண்டியில், வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல். அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. அதனால் இரண்டு லிட்டர் எஞ்சின், அது முழுதாக வேலை செய்யும்போது, மூன்று லிட்டர், மூன்றரை லிட்டர் எஞ்சின் இழுக்கிற இழுவையை இழுக்கும். 'முழுதாக வேலை செய்யும்போது' என்பதைக் கவனியுங்கள்.

தாள் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். மஹிந்திரா தாரின் இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் 1250 ஆர்.பி.எம்.மிலேயே (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றுகிற எண்ணிக்கை அது) 300 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை, தருவதாகக் கணக்கு. டொயோட்டா ஃபார்ச்சூனரின் டர்போ இல்லாத 2.7 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தருவது 245, அதுவும் 4000 ஆர்.பி.எம்.மில். மாருதி ஜிம்னியின் ஒன்றரை லிட்டர் எஞ்சின் 134, அதுவும் 4000 ஆர்.பி.எம்.மில்தான். இதைப் பார்த்தால் டர்போதான் ஜெயித்தது என்று தோன்றும், நெடுஞ்சாலையில் அது உண்மையும்கூட. ஆனால் அந்த எண்கள் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து, எஞ்சின் ஒரே வேகத்தில் நிலையாக ஓடும்போது எடுத்தவை. பாறை மேல் ஏறும்போது யார் முழுதாக மிதிக்கிறார்கள்?

மழை விட்ட மறுநாள் ரப்பர் தோட்டத்து ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். செம்மண் வழுக்கும், அதன் மேல் ரப்பர் இலை ஒட்டிக் கிடக்கும், நடுவில் உருளைக்கல். இங்கே நீங்கள் கால் பெடல் மிதித்து, விட்டு, மறுபடி மிதித்து, எஞ்சினை ஆயிரம் ஆர்.பி.எம். சுற்றுவட்டாரத்திலேயே வைத்து ஊர்ந்து போகிறீர்கள். அந்த நிலையில் டர்போவுக்குப் புகையின் வேகம் போதாது. அதாவது உங்கள் கையில் இருப்பது டர்போ இல்லாத சின்ன எஞ்சின்தான். வண்டி திணறுகிறதே என்று இன்னும் கொஞ்சம் மிதிப்பீர்கள், ஒன்றும் நடக்காது, அப்புறம் ஒரு நொடி கழித்துக் காற்றழுத்தம் வந்து சேரும்போது இழுவை மொத்தமாகப் பாயும், பின்சக்கரம் சர்ரென்று சுற்றும், வண்டி பக்கவாட்டில் சறுக்கும். டர்போ இல்லாத எஞ்சினில் பலம் குறைவாக இருந்தாலும் கால் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு உடனே வரும். வழுக்குகிற இடத்தில் அளந்து கொடுக்க முடிவதுதான் முக்கியம்.

ஆனால் இதற்கு மருந்து வண்டியிலேயே இருக்கிறது. லோ கியர். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் மெதுவாக, பலமாக ஏறுவதற்கென்றே இருக்கிற தனி கியர் அது. ஃபோர் வீல் லோவில் போட்டுவிட்டால் சக்கரத்துக்குப் போகிற இழுவை இரண்டரை மடங்கு அளவுக்குப் பெருகுகிறது, வண்டி மெதுவாகப் போனாலும் எஞ்சின் நல்ல சுற்றில் இருக்கும், அந்த ஒரு நொடித் தாமதம் பெரும்பாலும் தெரியாமல் போய்விடும். டர்போ டீசலாக இருந்தால் இன்னும் எளிது, லோ முதல் கியரில் காலை எடுத்துவிட்டாலே ஐடிலில் தானாக ஊர்ந்து ஏறும். ஏற்றத்தின் அடியிலேயே லோவுக்கு மாற்றுங்கள், 1800 ஆர்.பி.எம். பக்கத்தில் காலை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். பாதி ஏறிய பிறகு நின்று லோ போடத் தேடுகிறவர்கள்தான் கிளட்சைக் கருக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள்.

எடையையும் மறக்கக் கூடாது. ஜிம்னி சுமார் 1200 கிலோ, தார் 1700 கிலோவுக்கு மேல். 134 நியூட்டன் மீட்டரை வைத்துக்கொண்டு ஜிம்னி நம் தோட்டத்து ஏற்றங்களில் ஏறுவதற்குக் காரணம் அந்த எடையும் லோ கியரும்தான்.

வளைகுடாவிலிருந்து வருபவர்கள் சொல்வதும் நியாயமான அனுபவம்தான். அங்கே 4.8 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் போட்ட பழைய நிசான் பேட்ரோல் ஜீப், 4 லிட்டர் லேண்ட் குரூசர் எல்லாம் மணல்மேட்டில் பறப்பதைப் பார்த்திருப்பார்கள். மணலில் எஞ்சினை மேல் சுற்றிலேயே வைத்து ஓட்ட வேண்டும், மேட்டின் உச்சியில் காலை எடுத்த மாத்திரத்தில் பலம் நிற்க வேண்டும், மிதித்த மாத்திரத்தில் வர வேண்டும். அதற்குப் பெரிய எஞ்சின் பொருத்தம், பெட்ரோல் விலையும் அங்கே தடை இல்லை. ஆப்பிரிக்காவில் ஐ.நா. நிவாரணப் பணிகளுக்குப் போகிற லேண்ட் குரூசர் 70-இல் டர்போ இல்லாத 4.2 லிட்டர் டீசல் எஞ்சின் இருக்கிறது, 4164 சி.சி.க்குச் சுமார் 130 குதிரைத்திறன்தான். எஞ்சினைக் கசக்காமல் வேலை வாங்குகிறார்கள், தரம் குறைந்த டீசலிலும் ஓடும், பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இல்லாத ஊரிலும் சாதாரண மெக்கானிக் பிரித்துப் பார்க்கலாம். மரியாதைக்குரிய எஞ்சின் அது.

நம் நாட்டில் அந்தத் தேர்வு புது வண்டியில் கிட்டத்தட்ட இல்லை. நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் 1200 சி.சி., டீசல் 1500 சி.சி. என்கிற வரம்பைத் தாண்டினால் வரி ஏறும், 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். கூடவே 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 புகை விதிகள். சின்ன எஞ்சினில் டர்போ வைத்து இழுவையைக் கூட்டுவதுதான் கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகிறது. புது டீசல் என்றால் டர்போதான். ஃபார்ச்சூனர் 2.7 பெட்ரோல் கிடைக்கும், ஆனால் அது ஃபோர் வீல் இல்லை, பின்சக்கர வண்டி. பெரிய எஞ்சின் என்று நம்பி அதைத் தோட்டத்துக்கு வாங்கிவிடாதீர்கள்.

லடாக் கனவு உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது, டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் பலம் இழக்கும். ஐயாயிரம் மீட்டருக்கு மேல் உள்ள கணவாய்களில் பாதியைத் தாண்டி கொஞ்சம்தான் மிஞ்சும். டர்போ அந்த நஷ்டத்தைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். நம் மாவட்டத்து மலைச்சாலைகளுக்கு இந்தக் கணக்கு பொருட்டே இல்லை.

இங்கே வண்டி கெடுவதற்குக் காரணம் வேறு. பி.எஸ். 6 டீசல் வண்டியின் சைலன்சர் பாதையில் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் ஒன்று இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரியை அது சூடேறி எரித்துத் தள்ள வேண்டும், அதற்கு வண்டி கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். காலையில் வீட்டிலிருந்து தோட்டத்துக்கு நாலு கிலோமீட்டர், அங்கே லோ கியரில் ஊர்வது, ரப்பர் பால் கேனை ஏற்றிக்கொண்டு திரும்புவது என்றே ஓடுகிற வண்டியில் அது நடப்பதில்லை. விளக்கு எரியும், பிக்அப் குறையும். இன்னொன்று, ஃபில்டர் கரியை எரிக்க முயலும்போது நீங்கள் வண்டியைப் பாதியில் அணைத்து அணைத்து, டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள், ஆயில் அளவு குறையாமல் ஏறியிருந்தால், முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், உடனே மாற்றுங்கள். வாரம் ஒருமுறை வண்டியை நாற்கரச் சாலைப் பக்கமோ ஆரல்வாய்மொழி பக்கமோ விட்டு அரைமணி நேரம் அறுபது, எழுபதில் ஓட்டிவிட்டு வந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். சும்மா ஓடுவதற்கு டீசலா என்று கேட்பவர்களிடம் புது ஃபில்டரின் விலையைக் கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

ஆயில் மாற்றுவதைக் கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தோட்டத்தில் மணிக்குப் பத்து கிலோமீட்டரில் ஊர்கிற வண்டி பத்தாயிரம் கிலோமீட்டர் காட்டும்போது எஞ்சின் ஆயிரம் மணி நேரம் ஓடியிருக்கும், ரோட்டில் ஐம்பதில் ஓடுகிற வண்டிக்கு அது இருநூறு மணி நேரம். டர்போவின் தண்டு ஆயில் மேல்தான் மிதக்கிறது. புத்தகத்தில் சொன்ன தூரத்தில் பாதியில் மாற்றுங்கள், சொன்ன கிரேடு ஆயிலையே ஊற்றுங்கள். கடும் ஏற்றம் ஏறி வந்தவுடன் சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள், ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். இல்லையென்றால் அந்தச் சூட்டில் நின்றுபோன ஆயில் கருகிப் பாதையை அடைக்கும்.

'டர்போ போச்சு' என்று வருகிற வண்டிகளில் பலவற்றுக்கு டர்போ போயிருப்பதில்லை. டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலருக்குப் போகிற ரப்பர் ஹோஸைத் தடவிப் பார்ப்பேன். கிளாம்ப் பக்கத்தில் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு, அதன் மேல் வளையம் போலச் செம்மண் ஒட்டியிருக்கும். அங்கேதான் கீறல். காற்று வெளியே போகிறது, வண்டி கரும்புகை தள்ளுகிறது, மிதித்தால் உஸ்ஸென்ற சத்தம். ஒரு ஹோஸ் மாற்றினால் தீர்ந்தது. இதைப் பார்க்காமல் முழு டர்போவையே மாற்றச் சொல்கிற இடங்கள் இருக்கின்றன, அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

தண்ணீர் விஷயத்தில் டர்போ, டர்போ இல்லாதது என்ற பேதம் கிடையாது. இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் இது, சப்பாத்துகள், அதாவது ஆற்றின் குறுக்கே உள்ள தாழ்வான பாலங்கள், மேல் வெள்ளம் ஓடும்போது கடப்பவர்கள் இருக்கிறார்கள். தார் 650 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கலாம் என்று கம்பெனி சொல்வது நின்ற தண்ணீருக்கு, ஓடுகிற வெள்ளத்துக்கு இல்லை. காற்றோடு தண்ணீரை இழுத்தால் எந்த எஞ்சினிலும் கனெக்டிங் ராடு வளையும். ஓடும் வெள்ளத்தில் இறங்கவே இறங்காதீர்கள்.

பழைய ஜீப்பில் வெளியே வாங்கிய டர்போவைப் பொருத்தித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். செய்வதில்லை. அந்த எஞ்சினின் பிஸ்டன், ஹெட் கேஸ்கட், ரேடியேட்டர் எதுவும் அந்த அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் செய்யப்பட்டவை அல்ல, நீண்ட ஏற்றத்தில் பிஸ்டன் உருகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் இப்படி மாற்றுவதை அனுமதிப்பதில்லை, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கலாம்.

ஆக, தோட்டத்துக்குள்ளேயே சுற்றுகிற, ரோட்டுக்கு அதிகம் வராத வண்டியென்றால் எடை குறைந்த, டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிதான் என் முதல் தேர்வு. ஜிம்னி, இல்லை நல்ல நிலையில் கிடைத்தால் 2019-இல் நின்றுபோன ஜிப்சி. பாரம் ஏற்ற வேண்டும், மாதம் நாலுமுறை திருவனந்தபுரமோ மதுரையோ போக வேண்டும் என்றால் டர்போ டீசல், தயங்க வேண்டாம். டர்போ பெட்ரோல் ஓட்ட நன்றாக இருக்கும், டி.பி.எஃப். தலைவலி இல்லை, ஆனால் லோ கியரில் அது குடிக்கிற பெட்ரோலுக்குத் தயாராக இருங்கள்.

பழைய டர்போ வண்டி வாங்குவதாக இருந்தால் எஞ்சின் ஆறிய பிறகு ஏர் ஃபில்டரிலிருந்து வருகிற குழாயைக் கழற்றச் சொல்லி, டர்போவின் சக்கரத்தை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் மயிரிழை ஆட்டம் இருக்கலாம். உள்ளே வெளியே இழுத்தால் கைக்குத் தெரிகிற அளவுக்கு அசையவே கூடாது. இறக்கையின் நுனி மழுங்கியிருந்தால் தூசியை உள்ளே விட்டு ஓட்டிய வண்டி அது, சுவரில் உரசிய கோடு தெரிந்தால் தண்டின் பேரிங் தேய்ந்த வண்டி, இரண்டில் எது இருந்தாலும் வேறு வண்டி பாருங்கள்.