கிரீம் ஊற்றாத கிரீம் சூப்

ஓட்டலில் வெஜிடபிள் சூப் கேட்டால் பெரும்பாலும் சோள மாவு கரைத்துக் கெட்டியாக்கியதுதான் வரும். வீட்டில் அதற்கு அவசியமே இல்லை. மூன்று கேரட், ஒரு சின்ன உருளைக்கிழங்கு, ஒரு வெங்காயம், நாலு பல் பூண்டு போதும். நாக்கில் வழுவழுவென்று இறங்கும் அந்தப் பதத்துக்கான சரக்கு காய்க்குள்ளேயே இருக்கிறது.

காயின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பொருள். கொதிநீரில் அது மெல்ல உடைந்து கரையும். செல்கள் பிடியை விடும். விரலால் நசுக்கினால் கேரட் மசிய வேண்டும், அதுவே கணக்கு. அரைவேக்காட்டில் மிக்சியில் போட்டால் எவ்வளவு அரைத்தாலும் நெருடும். புளிப்பு சேர்ந்தால் பெக்டின் உடைவது தாமதமாகும். புளிக்கரைசலில் போட்ட காய் லேசில் வேகாது என்பது குழம்பு வைக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். உப்புத்தன்மை மிகுந்த போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் பெக்டினை இறுக்கிவிடும். அதனால் சூப்புக்கு நல்ல தண்ணீர் வையுங்கள், தக்காளி போடுவதாக இருந்தாலும் ஆரம்பத்தில் சேர்க்காதீர்கள்.

உருளைக்கிழங்கின் வேலை வேறு. அதன் மாவுச்சத்து மணிகள் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு ஊதும். அவற்றிலிருந்து கசியும் அமைலோஸ் என்ற நீளமான மூலக்கூறுகள் நீரின் ஓட்டத்தைத் தடுப்பதால் சூப் தடிக்கிறது. ஆனால் மிக்சி பிளேடில் ரொம்ப நேரம் அடிபட்டால் மணிகள் சிதைந்து, மாவுச்சத்து மொத்தமும் வெளியேறி, சூப் பசையாகிவிடும். ஆகவே கேரட்டையும் வெங்காயத்தையும் முதலில் நன்றாக அரைத்துவிட்டு, கிழங்கைக் கடைசியில் போட்டுச் சில நொடிகள் மட்டும் ஓட்டுவது நல்லது. எல்லாம் ஆறிய பிறகுதான் அரைக்க வேண்டும். சூடாக அரைத்தால் நீராவி மூடியைத் தூக்கி அடித்துக் கையைச் சுட்டுவிடும்.

அரைக்கும்போதே ஒரு ஸ்பூன் வெண்ணெய் சேருங்கள். கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறி, தடித்த சாற்றில் மிதந்தபடியே நிற்கும். கிரீமைச் சுவைக்கும்போது நாக்கு உணர்வதும் இத்தகைய கொழுப்புத் துளிகளைத்தான். கேரட்டின் நிறப்பொருளான பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரையக்கூடியது என்பதால், உடம்பு அதை எடுத்துக்கொள்ளவும் இந்த வெண்ணெய் உதவும். பால் ஊற்ற ஆசை என்றால் தக்காளி வேண்டாம். புளிப்பும் சூடும் சேர்ந்தால் பாலின் கேசீன் புரதம் திரிந்துவிடும்.

சரி, இலைகளுக்கு வருவோம். ஓமவல்லியின் மணம் சூட்டைக் கொஞ்சம் தாங்கும், அதைக் கொதியிலேயே போடலாம். கொத்தமல்லியின் மணம் அப்படியில்லை. அது ஆல்டிஹைடு என்ற, எளிதில் ஆவியாகும் சேர்மங்களால் வருவது, கொதிக்கவிட்டால் சீக்கிரமே போய்விடும். புதினாவும் ஏறக்குறைய அதே மாதிரிதான். சமையலறை முழுக்கக் கொத்தமல்லி மணக்கிறது என்றால் சூப்பில் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது என்று அர்த்தம். தண்டுகளைக் காயோடு சேர்த்து அரைத்துவிட்டு, சூப்பைத் திரும்பச் சூடாக்கி, இலைகளை மட்டும் அடுப்பை அணைத்த பிறகு பொடியாக நறுக்கித் தூவுங்கள்.

எலுமிச்சையைப் பாத்திரத்தில் பிழிய வேண்டாம். சூட்டோடு அமிலம் சேர்ந்தால் பச்சையத்தின் நடுவிலிருக்கும் மெக்னீசியம் வெளியேறி, இலை பழுப்பேறும். கிண்ணத்தில் ஊற்றி, குடிக்கப் போகும் நேரத்தில் அவரவர் பிழிந்துகொண்டால் நிறமும் மணமும் தப்பும்.